14 மாதச் சூட்டுக்குப் பிறகு ஆறு கார்க் தட்டுகள்

சூடான பாத்திரங்களை உணவு மேசையின் மீது வைப்பதற்கென்று விற்கப்படும் வட்டமான கார்க் தட்டுகளில் ஆறு கொண்ட ஒரு தொகுப்பை 14 மாதங்களுக்கு முன் இணையத்தில் வாங்கினேன். ஒவ்வொன்றும் 19 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உடையது. ஆறுக்கும் சேர்த்து விலை 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. '200 டிகிரி வரை வெப்பம் தாங்கும்' என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அச்சிடப்படவில்லை. வாங்கும்போது அது எனக்கு உறைக்கவில்லை. இன்று ஆறு தட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை இவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற நிலையில், அந்த விடுபட்ட தகவல்தான் இந்தப் பொருளைப் பற்றி ஒருவர் அறிந்திருக்க வேண்டிய முதல் தகவல் என்று தோன்றுகிறது.

இதை ஒரு சோதனையாகத் திட்டமிட்டு நான் தொடங்கவில்லை. வீட்டில் எந்தப் பொருளும் நாளடைவில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதைப் போலவே இந்தத் தட்டுகளும் பிடித்துக்கொண்டன. ஒன்று சாம்பார், ரசப் பாத்திரங்களுக்கு. ஒன்று பிரஷர் குக்கருக்கு. ஒன்று இட்லிப் பானைக்கு. நான்காவது, இரும்புத் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பதற்கு. ஐந்தாவது தட்டு, ரொட்டியும் கேக்கும் சுடுகிற சிறிய மின் அடுப்பின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. அந்த அடுப்பின் மேற்பரப்பில் கைப்பிடித் துணியையோ கிண்ணத்தையோ வைக்க ஒரு தளம் வேண்டியிருந்ததால் யாரோ அதை அங்கே வைத்தார்கள், பிறகு அது அங்கேயே தங்கிவிட்டது. ஆறாவது, பெட்டியோடு அலமாரியில் மறந்துபோனது. அந்த மறதிக்கு இப்போது நன்றி சொல்கிறேன், ஏனென்றால் மற்ற ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அளவுகோலாக இருக்கிறது.

'தக்கை' என்று நாம் சொல்லும்போது நெட்டியையும், தூண்டில் மிதப்பையும், புட்டிமூடியையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். மரமல்லிக்கும் ஆங்கிலத்தில் இந்தியத் தக்கை மரம் என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அதன் பட்டை தரம் குறைந்த மாற்றாக ஒரு காலத்தில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் வணிகத்தில் கார்க் என்று விற்கப்படுவது மேற்கு மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் கார்க் ஓக் என்னும் ஒரு மரத்தின் வெளிப்பட்டை மட்டுமே. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இது கிடைக்கிறது. உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்துக்கு 25 வயது ஆன பிறகே முதன்முறை பட்டை உரிக்கிறார்கள். அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் உரிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின் மேலேயே வெள்ளை எண்ணாக எழுதிவைக்கிறார்கள்.

இந்தப் பட்டை வெப்பத்தைத் தடுப்பதற்குக் காரணம் அதன் பொருளைவிட அதன் கட்டமைப்பே. 1665-இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் தக்கைத் துண்டைப் பார்த்து, தேனடை அறைகளைப் போன்ற அந்த அமைப்புக்கு 'செல்' என்று பெயரிட்டார். உயிரியல் முழுவதும் இன்று பயன்படுத்தும் அந்தச் சொல் தக்கையிலிருந்து வந்தது. ஒரு கன சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றும் மூடிய அறை, உள்ளே வாயு. அறைகள் மிகச் சிறியவையாக இருப்பதால் உள்ளிருக்கும் வாயு சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்ல இடமில்லை. இதனால் இயற்கைத் தக்கையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.045 வாட் அளவில் நின்றுவிடுகிறது. அறைச் சுவர்களில் சூபரின் என்னும் மெழுகுத்தன்மை கொண்ட பொருள் சுமார் 40 விழுக்காடு. நீரையும் வாயுவையும் புகவிடாமல் தடுப்பதும், அழுத்தினால் அமுங்கி விட்டால் எழும் மீள்தன்மையைத் தருவதும் பெரும்பாலும் அதுதான். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்னும் சர்க்கரைச் சங்கிலிப் பொருள்கள் சேர்ந்து அதைவிடச் சற்றுக் குறைவு, மீதம் மெழுகுகளும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களும். விகிதம் மரத்துக்கு மரம் மாறும்.

இங்கே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் கைக்கு வரும் தட்டு ஒரே பட்டையிலிருந்து வெட்டப்பட்டதன்று. புட்டிமூடிகள் குடைந்து எடுத்தபின் மிஞ்சுகிற பட்டையை அரைத்து, துகளாக்கி, பிசின் கலந்து, அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். பாலியூரித்தேன் வகைப் பிசின்கள் இதற்குப் பெருவழக்கு. ஆகவே தட்டின் ஆயுள் தக்கையை மட்டும் பொறுத்ததன்று. துகளைத் துகளோடு பிடித்திருக்கும் பசையையும் பொறுத்தது. என் தொகுப்பின் பெட்டியில் பிசின் எது என்ற குறிப்பே இல்லை. 'நூறு விழுக்காடு இயற்கை' என்ற வாசகம் மட்டும் இருந்தது. அதை நான் குறையாகவே பதிவுசெய்கிறேன்.

முதல் தட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார், ரசம், பால் எதுவாக இருந்தாலும் அடுப்பிலிருந்து இறக்கியபோது பாத்திரத்தின் அடிப்பகுதி நூறு டிகிரியை ஒட்டியே இருக்கும்; உள்ளே நீர் இருக்கும்வரை அதற்கு மேல் பெரிதாக ஏறவும் வழியில்லை. கால்மணி நேரத்தில் ஆறத் தொடங்கிவிடும். இந்தத் தட்டு நிறத்தில் ஒரு சாயல் கூடியிருக்கிறது, நடுவில் மஞ்சள் கறை படிந்திருக்கிறது, அவ்வளவுதான். வளைத்தால் வளைகிறது, நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து சில நிமிடங்களில் மறைகிறது. இந்த வேலைக்கு மட்டும் என்றால் முழு மதிப்பெண் கொடுத்து இத்துடன் எழுதுவதை நிறுத்தியிருப்பேன்.

குக்கரின் தட்டு வேறு கதை. வெயிட் போட்ட குக்கரின் உள்ளே நீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அடிப்பகுதியின் கனமான அலுமினியமோ எஃகோ அந்தச் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். போதாததற்கு ஐந்து லிட்டர் குக்கர் நிறையப் பருப்பும் சோறும் இருக்கும்போது அதன் எடையும் சேர்கிறது. குளிர்ந்த தக்கையை அமுக்கினால் ஏறக்குறைய முழுதும் மீண்டுவிடும், சூடான தக்கை அப்படியன்று. வெப்பத்தில் அறைச் சுவர்கள் இளகிக் கொடுக்கின்றன. அழுத்தத்தின் கீழ் அவை மடிந்த நிலையிலேயே ஆறிவிட்டால் அந்த மடிப்பு நிலைத்துவிடுகிறது. இந்தத் தட்டின் நடுவில் குக்கரின் அடிவிளிம்பு அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தில் கனம் குறைந்தால் காப்பும் அந்த அளவுக்குக் குறையும். மேசையின் மெருகைக் காக்கவே இதை வாங்கியவனுக்கு அது முக்கியமான இழப்பு.

பள்ளத்தை எடுக்க ஒரு வழி உண்டு என்று எண்ணிக் கொதிநீரில் அந்தத் தட்டைப் போட்டுப் பார்த்தேன். காரணமில்லாமல் அல்ல. காட்டிலிருந்து வரும் தக்கைப் பட்டைகளைத் தொழிற்கூடத்தில் முதலில் செய்வதே கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைப்பதுதான். மரத்தில் வளரும்போது சுருங்கிச் சுருக்கம் விழுந்த அறைச் சுவர்கள் அந்தக் கொதிநிலையில் நிமிர்ந்துகொள்கின்றன. பட்டை கனத்தில் 15 விழுக்காடு வரையும் மற்ற இரு திசைகளில் 6 விழுக்காடு அளவிலும் உப்புகிறது, வளைந்த பட்டையும் தட்டையாகப் படிகிறது. வெப்பம் தக்கைக்கு எப்போதும் பகையன்று என்பதற்கு இது நல்ல சான்று. என் தட்டிலும் பள்ளம் பாதிக்கு மேல் எழுந்துவிட்டது. ஆனால் விளிம்பில் துகள்கள் பிசினை விட்டுக் கழன்று நீரில் மிதந்தன. தக்கை பிழைத்துக்கொண்டது, பசை பிழைக்கவில்லை.

இட்லிப் பானையின் தட்டுக்கும் இதே சிக்கல்தான் மெதுவாக நேர்ந்திருக்கிறது. பானையின் வெளியடியில் வழிந்த நீர், சூடு, மேலிருந்து அழுத்தம் என்று தினமும் காலையில் மேற்பக்கம் ஈரமும் வெப்பமும் பெற, கீழ்ப்பக்கம் உலர்ந்தே கிடந்ததால், ஒரு பக்கம் உப்பித் தட்டு கிண்ணம்போலக் குழிந்துவிட்டது. தட்டையான மேசையில் வைத்தால் ஆடுகிறது. கவிழ்த்து வைத்து மறுபக்கத்தைப் பயன்படுத்தினால் சில வாரங்களில் எதிர்த்திசைக்கு வளைந்து ஒருவாறு நேராகிறது என்பதைப் பிற்பாடு கண்டுகொண்டேன். வாரத்துக்கு ஒரு முறை புரட்டிப்போட வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் குறை எழுந்தே இருக்காது.

இப்போது தோசைக்கல். என்னிடம் தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று உண்டு. பளபளக்கும் எஃகுப் பாத்திரத்தின் மேல் அதைக் காட்டினால் பொய் சொல்லும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைச் சரியாக உமிழ்வதில்லை. ஆனால் கறுத்த இரும்புக் கல்லுக்கு அது நம்பகமானதுதான். கடைசித் தோசையை எடுத்தபின் கல் 210 முதல் 230 டிகிரி வரை காட்டியது. அடுப்பின் நேர்ச்சூட்டை வாங்கிய அடிப்பக்கம் அதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். பெட்டி சொன்ன எல்லையை அது தாண்டுகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இந்தியாவில் விற்கும் ஒரு பொருளில் '200 டிகிரி' என்று எழுதுபவர், வாங்குபவர் அதன்மேல் முதலில் எதை வைப்பார் என்று நினைத்துப் பார்த்திருக்கலாம்.

முதல் நாளே தட்டு புகைந்தது. தீப்பிழம்பு எழவில்லை, தக்கை உருகுவதில்லை, எளிதில் பற்றுவதும் இல்லை, மேற்பரப்பு மெல்லக் கரிந்து அந்தக் கரியே உள்பகுதிக்குக் காப்பாகிறது. இந்தப் பண்புக்காகவே அமெரிக்க விண்வெளி ஓடங்களின் பூஸ்டர் ராக்கெட்டுகளில் கார்க்கும் கார்க் துகள் கலந்த பூச்சும் வெப்பக் காப்பாகப் பயன்பட்டன. ஆனால் ராக்கெட்டில் அந்தத் தக்கைக்கு வேலை சில நிமிடங்கள்தான்; மேலடுக்கு தேய்ந்து கரிந்து போவதையும் கணக்கிட்டே அதன் கனத்தை வைக்கிறார்கள். எங்கள் தட்டுக்கோ வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாடு தோசை.

14 மாதம் கழித்து அந்தத் தட்டை அறுவைக் கத்தியால் குறுக்காக வெட்டினேன். இந்த மதிப்பீட்டை எழுத என்னைத் தூண்டியது அந்த வெட்டுமுகம்தான். மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய பொருக்கு. அதன் கீழே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு, காப்பிக்கொட்டை நிறத்தில் தொடங்கி வெளிறிக்கொண்டே போகும் ஓர் அடுக்கு. அதற்குக் கீழே, அலமாரியில் மறந்துபோன ஆறாவது தட்டைப் போலவே புத்தம் புதிய இளம்பழுப்பு. கீழ்ப்பகுதியை அழுத்தினால் இன்னும் பஞ்சுபோல அமுங்கி எழுகிறது. மேலடுக்கை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. வெப்பத்தைக் கடத்தாத பொருள் என்பதன் மறுபக்கம் இதுதான்: கல்லின் சூடு கீழே இறங்க வழியில்லாமல் மேலடுக்கிலேயே தங்கி, அதைத் திரும்பத் திரும்ப வாட்டியிருக்கிறது. உலோகத் தட்டாக இருந்தால் சூட்டைப் பரவவிட்டு மேசையைச் சுட்டிருக்கும். தக்கை மேசையைக் காத்துத் தன் மேற்பரப்பைக் கொடுத்திருக்கிறது. காப்புப் பணியைப் பொறுத்தவரை இந்தத் தட்டு கடைசி நாள்வரை தோற்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மேசையில் ஒரு தடயமும் இல்லை. உதிரும் கரித்துகள் தோசைக்கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் அடுப்பில் புகைந்ததுதான் தாங்கமுடியாத தொல்லை.

எல்லாவற்றையும்விட நான் எதிர்பாராதது ஐந்தாவது தட்டின் நிலை. மின் அடுப்பின் மேற்பரப்பு, ரொட்டி சுடும் ஒரு மணி நேரத்தில் 110 டிகிரியைச் சுற்றியே இருக்கும்; தோசைக்கல்லின் சூட்டில் அது பாதி. கரிந்த இடம் எதுவும் இந்தத் தட்டில் இல்லை, புகை ஒருநாளும் வந்ததில்லை, பார்வைக்கு அழகாக வறுத்த நிலக்கடலையின் நிறத்தில் இருந்தது. ஒருநாள் துடைப்பதற்காக ஒரு கையால் தூக்கியபோது பொரித்த அப்பளம்போல இரண்டாக ஒடிந்தது. வெட்டுமுகத்தில் மேலும் கீழும் ஒரே நிறம். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் புதிய தட்டைவிட எடையும் குறைந்திருக்கிறது, சமையலறைத் தராசிலேயே அது தெரிகிறது. விரலால் அழுத்தினால் அமுங்குவதற்குப் பதிலாக நொறுங்குகிறது. ஓங்கிய சூடு மேலடுக்கை மட்டும் எரிக்க, மிதமான சூடு நேரம் எடுத்துக்கொண்டு தட்டு முழுவதும் ஊடுருவி, அதன் தன்மையையே மாற்றியிருக்கிறது. வாரந்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம், மாதக்கணக்கில்.

இதற்கான வேதியியல் ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டிருக்கிறது. சூடு ஏறும்போது முதலில் வெளியேறுவது ஈரம். உலர்ந்த தக்கை ஈரமுள்ள தக்கையைவிட விறைப்பாக இருக்கும், ஆனால் இது மீளக்கூடிய மாற்றம், காற்றின் ஈரம் திரும்பச் சேர்ந்தால் சரியாகிவிடும். அடுத்து, ஆவியாகக்கூடிய மெழுகுகளும் பிற சாறுகளும் குறைகின்றன. பிறகு ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. அறைச் சுவரின் கூறுகளில் வெப்பத்துக்கு முதலில் இணங்குவது அதுவே. 200 டிகிரியை நெருங்கும்போது இந்தச் சிதைவு விரைவுபடுகிறது, ஆனால் அதற்குக் கீழே நடப்பதே இல்லை என்பதன்று. குறைந்த வெப்பத்தில் அதே வேலைக்கு நேரம் அதிகம் தேவைப்படுகிறது. சூபரினும் லிக்னினும் அதற்கும் மேலே தாங்கும். 250 டிகிரியைக் கடந்து 300-ஐ நெருங்கும்போதுதான் சூபரினும் உடையத் தொடங்கி, எடையின் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடுகிறது. சுவர்கள் மெலிகின்றன, அறைகள் உப்பி உருண்டையாகின்றன, அடர்த்தி குறைகிறது, வலிமையும் குறைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கூட இருந்தால் நிறம் கறுப்பதும் நொறுங்குவதும் இன்னும் முந்தும். இது எல்லாம் தக்கைக்கு. பெயர் தெரியாத அந்தப் பிசின் எந்த இடத்தில் கைவிட்டது என்பது ஒடிந்த தட்டிலேயே தெரிந்தது: பிளவு துகள்களை அறுத்துச் செல்லவில்லை, துகளுக்கும் துகளுக்கும் இடையில் வளைந்து வளைந்து சென்றிருந்தது.

இந்த அளவுக்கு ஆனபின், மாற்று என்ன என்று தேடியபோது கிடைத்ததுதான் கருந்தக்கைப் பலகை. கட்டடங்களின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பாகப் பயன்படும் இது, போர்ச்சுகலில் கிளைகளைக் கழிக்கும்போது கிடைக்கும் முரட்டுப் பட்டையைத் துகளாக்கிச் செய்யப்படுகிறது. ஷாங்காயில் 2010-இல் நடந்த உலகக் கண்காட்சியில் போர்ச்சுகல் தன் அரங்கத்தின் வெளிச்சுவர் முழுவதையும் தக்கையால் போர்த்தியிருந்தது நினைவிருக்கலாம். கருந்தக்கையில் பிசினே கிடையாது. மூடிய கொப்பரையில் துகள்களை அடைத்து, 300 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியை அரைமணி நேரத்துக்குள் பாய்ச்சுகிறார்கள். துகள்கள் உப்பி ஒன்றையொன்று நெருக்க, சிதைந்து வெளிவரும் தக்கையின் சொந்தப் பொருளே பசையாகி அவற்றை ஒட்டிவிடுகிறது. வெளியே எடுத்த கட்டிக்குள் உடனே நீர் செலுத்தி ஆற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் காப்புப் பொருளுக்கே உரிய குணத்தால் உள்சூடு வெளியேறாமல் தங்கித் தொடர்ந்து வேகும். என் தோசைக்கல் தட்டின் மேலடுக்குக்கு நேர்ந்தது அங்கே கட்டியின் நடுவில் நேரும்.

இந்த முறை ஒரு விபத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். நியூயார்க்கில் மிதவைச் சட்டைகள் செய்துவந்த ஜான் ஸ்மித் என்பவரின் பட்டறையில், தக்கைத் துகள் அடைந்த ஒரு தகரக் குழாய் இரவில் கனலின் மேல் உருண்டு கிடந்ததாம். காலையில் பார்த்தபோது துகள்கள் சாக்லேட் நிறத்தில் ஒரே கட்டியாகப் பிடித்திருந்தனவாம். 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். குழாய்க்குள் காற்றோட்டம் இல்லாததால் தக்கை எரியவில்லை, வெந்தது. எங்கள் வீட்டு மின் அடுப்பின் மேல், திறந்த காற்றில், அதில் பாதிகூட இல்லாத சூட்டில் தட்டு பாழானதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சூட்டின் அளவைப் போலவே அது எந்தச் சூழலில் எத்தனை நேரம் என்பதும் எவ்வளவு பொருட்டு என்பது புரிகிறது.

கட்டடப் பொருள் விற்பவர் ஒருவரிடம் வெட்டி மிஞ்சிய கருந்தக்கைத் துண்டு ஒன்றை வாங்கி, அதில் இரண்டு சதுரங்கள் அறுத்து நான்கு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். ஒன்று மின் அடுப்பின் மேலும் ஒன்று குக்கருக்கும். மின் அடுப்பின் மேல் இருப்பதில் இதுவரை மாற்றமே தெரியவில்லை. சிதைய வேண்டியவை ஆலையிலேயே சிதைந்துவிட்டதால், 110 டிகிரிச் சூட்டுக்குக் கொடுக்க அதனிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது என் ஊகம். கடத்துதிறனும் 0.04 வாட் அளவில், இயற்கைத் தக்கையைவிடச் சற்றுக் குறைவு. மெலிந்த சுவர்களும் உப்பிய அறைகளும் அந்த வகையில் நன்மையே செய்திருக்கின்றன. ஆனால் குக்கருக்கு இது ஏற்றதன்று. பழுப்புத் தட்டின் மீள்தன்மை இதற்கு இல்லை. கனமான பாத்திரத்தைச் சற்று வேகமாக வைத்தால் விளிம்பு உதிர்கிறது, மேசை துடைக்கும் துணியில் கறுப்புத் துகள். முதல் இரண்டு வாரம் சமையலறை முழுவதும் ஒரு புகைமணம் வேறு. என் மனைவிக்கு அது பிடித்திருந்தது, என் அம்மாவுக்கு இல்லை.

தோசைக்கல்லை மட்டும் இதன்மேல் வைக்கவில்லை; வைக்க வேண்டாம் என்றே மற்றவர்களுக்கும் சொல்வேன். தக்கை பிழம்பின்றி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கக் கூடிய பொருள். பசையில்லாத, காற்றிடைவெளி உள்ள கருந்தக்கையில் அப்படி ஒரு கனல் பிடித்தால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கட்டடத்தில் சுவருக்குள் இருக்கும்போது அதற்கு வரும் சூடு வேறு. 200 டிகிரிக்கு மேற்பட்ட இரும்பு வேறு.

விற்பவருக்கு ஒடிந்த தட்டின் படத்துடன் எழுதினேன். 200 டிகிரி என்பது தக்கைக்கான எல்லை என்றும், பொருள் 'சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு' உரியது என்றும் பதில் வந்தது. பிசின் எது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டதால் நான் அதை வற்புறுத்தவும் இல்லை. ஒரு தட்டு நூறு ரூபாய்கூட இல்லை என்னும்போது, நூறு டிகிரிப் பாத்திரங்களுக்கு மட்டும் இதை மீண்டும் வாங்குவேன். ஐந்து நட்சத்திரத்தில் சாம்பார்ப் பாத்திரத்துக்கு ஐந்து, இட்லிப் பானைக்குப் புரட்டிப்போடும் பொறுமை இருந்தால் நான்கு, குக்கருக்கு மூன்று. தொடர்ந்து சூடாக இருக்கும் எதன் மேலும், எதன் கீழும் வைப்பதற்கு ஒன்று கொடுக்கவும் மனமில்லை. வாங்கும்போது ஒரு செய்தியை மட்டும் பாருங்கள்: துகள் பொடியாக இருக்கும் தட்டைவிடப் பெருந்துகள் தெரியும் தட்டில் பசையிடும் பரப்பு குறைவு, ஆகவே சூட்டில் கைவிடக்கூடிய இணைப்புகளும் குறைவு. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் விளிம்பை லேசாக வளைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

தோசைக்கல்லுக்கு இப்போது, அம்மா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பழைய இரும்பு வளையம். கயிற்றுப் பிரிமணையைத்தான் முதலில் எடுத்தார். "இதுவும் பொசுங்கத்தான் பொசுங்கும்" என்று தானே திரும்ப மேலே போட்டுவிட்டார்.